ஓடவும் வேண்டும், வீட்டிலும் இருக்க வேண்டும்!

மார்கழி மாதம். விடியற்காலை 5 மணி. மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் இருள் இன்னும் விலகவில்லை. தடதடவென்று காலடி ஓசை கேட்கிறது. சிலர் ஓடி வருகிறார்கள். அவர்களைத் தாண்டிச் சைக்கிள்கள் வரிசையாகப் பறக்கின்றன.

பஸ்சைப் பிடிக்க அவர்கள் ஓடவில்லை. அவர்களை யாரும் துரத்தவும் இல்லை. இது பயிற்சி!

சென்னையில் இருந்து கோவளம், மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கும் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கும் மிகவும் பிடித்த சாலை அது. செங்கல்பட்டுக்காரர்களுக்கு இன்னொரு பாதையும் உண்டு. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோ மீட்டர்.

இப்படி ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் விளையாட்டு வீரர்கள் அல்ல. அலுவலகம் போகிறவர்கள், கடை நடத்துகிறவர்கள், பிள்ளை பெற்ற தாய்மார்கள். எல்லோருக்கும் வீடு இருக்கிறது. அங்கேதான் சிக்கல்!

விடுமுறையில் வரும் சண்டை

சென்னை மாரத்தான் ஓட்டம் ஜனவரி மாதத் தொடக்கத்தில் நடக்கிறது. முழு ஓட்டம் 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். அதற்கான கடும் பயிற்சி டிசம்பரில் வருகிறது. பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டு விடுமுறையும் அப்போதுதான் வருகிறது.

விருந்தாளிகள் வருகிறார்கள். பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். "அப்பா, மாமல்லபுரம் போகலாமா?" என்று கேட்கிறார்கள். அப்பாவோ காலை 9 மணிக்குத்தான் ஓட்டம் முடிந்து வருகிறார். குளிக்கிறார், சாப்பிடுகிறார், படுத்துத் தூங்கி விடுகிறார்!

"ஒரு நாள் ஓடாவிட்டால் குடியா முழுகிப் போகும்?" என்று வீட்டுக்கார அம்மாள் கேட்கிறாள்.

அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர் ஓடிய 3 மணி நேரமும் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, விருந்தாளிகளுக்கு இட்லி ஊற்றி வைத்தவள் அவள்தான். அவர் ஓடிய தூரம் கைக்கடிகாரத்தில் பதிவாகிறது. அவள் பார்த்த வேலை எங்கேயும் பதிவாவது இல்லை.

குடி முழுகாது!

அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு விஞ்ஞானம் பதில் சொல்லி இருக்கிறது.

அமெரிக்காவில் சிகாகோ நகரில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். 1980-களின் தொடக்கத்தில் அவர் ஒரு சோதனை நடத்தினார். சிலருக்கு வாரம் 6 நாள், தினமும் 40 நிமிடம் வீதம் 10 வாரம் கடும் பயிற்சி கொடுத்தார். பிறகு பயிற்சியைக் குறைத்தார். சிலருக்கு வாரம் 2 நாள்தான் பயிற்சி. இன்னொரு சோதனையில் சிலருக்குத் தினமும் 13 நிமிடம்தான்.

15 வாரம் இப்படியே போயிற்று. உடம்பு பிராண வாயுவை எடுத்துப் பயன்படுத்தும் சக்தி குறையவே இல்லை!

ஆனால் ஒரு நிபந்தனை. நேரத்தைக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்கக் கூடாது. வேகத்தைக் குறைத்தபோது சக்தியும் குறைந்து விட்டது. 13 நிமிடம் மட்டும் பயிற்சி செய்தவர்களுக்கு நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் திறனும் கொஞ்சம் குறைந்தது. முழுக்க நிறுத்தி விடுவதும் நல்லதல்ல. நன்கு பழகிய வீரர்கள் 3 வாரம் அடியோடு நிறுத்தியபோது, அந்தச் சக்தி சுமார் 7 சதவீதம் குறைந்ததாக இன்னோர் ஆராய்ச்சி காட்டியது.

விடுமுறைக்கான வழி இதிலேயே இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம். எந்த நாள் என்பதை வீட்டாரோடு பேசி முன்பே முடிவு செய்யுங்கள். மற்ற நாட்களில் இரண்டு தடவை, அரை மணி நேரம் போதும். மெதுவாகத் தொடங்கி, பேச்சு வராத அளவுக்கு மூச்சு வாங்கும்படி நடுவில் கொஞ்ச நேரம் வேகமாக ஓட வேண்டும். இருதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

மிச்சமாகும் நேரம் வீட்டுக்குச் சொந்தம்!

துணி துவைத்த வீரர்

செக்கோஸ்லோவாகியா நாட்டு வீரர் எமில் ஜடோபெக். 1952-ம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5 ஆயிரம் மீட்டர், 10 ஆயிரம் மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கப் பதக்கம் வென்றவர். அவர் 5 ஆயிரம் மீட்டரில் வென்ற அதே நாளில், மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார்.

ஒரு நாள் துணி துவைக்கும் வேலை ஜடோபெக் தலையில் விழுந்தது. அவர் தொட்டியில் துணிகளைப் போட்டார். தண்ணீரும் சோப்பும் போட்டார். துணிகளின் மேல் ஏறி, நின்ற இடத்திலேயே ஓடினார். பயிற்சியும் ஆயிற்று, துணியும் வெளுத்தது! இந்தக் கதையை இன்றும் சொல்கிறார்கள்.

பால் கொடுத்த தாய்

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுமார் 430 கிலோ மீட்டர் பந்தயம் நடந்தது. பனியிலும் இருட்டிலும் மலைப் பாதையில் ஓட வேண்டும். ஜாஸ்மின் பாரிஸ் என்ற கால்நடை டாக்டர் 83 மணி 12 நிமிடத்தில் ஓடி, ஆண்களையும் முந்தி முதலாவதாக வந்தார். அப்போது அவருடைய மகளுக்கு வயது 14 மாதம். வழியில் தங்கும் இடங்களில் குழந்தைக்காகப் பால் எடுத்து வைத்து விட்டு ஓடினார்!

அம்மா ஓடுகிற காலையில் அப்பா அடுப்படியில் நிற்க வேண்டும். அப்படி முறை வைத்துக் கொண்டால் இருவரும் ஓடலாம்.

எல்லோரும் போகலாம்

பொங்கலுக்குள் மாரத்தான் முடிந்து விடும். அப்போது உடம்புக்கு ஓய்வு தேவை. குடும்பத்தோடு புறப்பட அதுவே நல்ல சமயம். திருக்கழுக்குன்றம் மலைக்கு 500-க்கு மேற்பட்ட படிகள். பிள்ளைகளோடு பேசிக்கொண்டே மெதுவாக ஏறலாம்.

காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் எள் போட்டால் எள் விழாது. அன்று அந்தச் சாலையில் ஓடுவது ஆபத்து. அங்கே கடலில் இறங்குவது அதைவிட ஆபத்து.

அங்கே அர்ச்சுனன் தபசு பாறையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒற்றைக்காலில் நின்று ஒருவர் தவம் செய்கிறார். அதே பாறையில் யானைகள் குட்டிகளோடு நிற்கின்றன. தவத்துக்கும் குடும்பத்துக்கும் ஒரே பாறையில் இடம் கொடுத்திருக்கிறான் சிற்பி!

வருகிற அரையாண்டு விடுமுறையில், ஓட்டக்காரர்கள் ஒரு நாளாவது வீட்டில் எல்லோருக்கும் முன்பு எழுந்து காப்பி போடட்டும். மறுநாள் ஓடப் புறப்படும்போது, வீட்டார் சிரித்த முகத்தோடு வழி அனுப்புவார்கள்.