பஞ்சகர்மாவுக்கு எத்தனை நாள் லீவு?

பஞ்சகர்மா என்றதும் பலருக்கு எண்ணெய் மசாஜும் நீராவிப் பெட்டியும்தான் நினைவுக்கு வரும். சனிக்கிழமை போய்ப் படுத்தால் திங்கட்கிழமை ஆபீஸ் போகலாம் என்கிற அளவுக்கு அது சுருங்கிவிட்டது. ஆயுர்வேத மூல நூலான சரக சம்ஹிதையில் சரகர் சொன்ன ஐந்து சிகிச்சைகளில் மசாஜே கிடையாது. வமனம் என்ற வாந்தி, விரேசனம் என்ற பேதி, ஆசனவாய் வழியே கஷாயம், எண்ணெய் செலுத்தும் இரண்டு வகை வஸ்தி, மூக்கில் மருந்து விடும் நஸ்யம் ஆகியவையே அந்த ஐந்து. சுஸ்ருதரின் மரபு இரத்தம் எடுப்பதையும் சேர்க்கிறது. எண்ணெயும் வியர்வையும் இவற்றுக்கு முன்னேற்பாடு மட்டுமே. அந்த முன்னேற்பாட்டையே முழுச் சிகிச்சையாக விற்பதுதான் இன்றைய 'டீடாக்ஸ்' வியாபாரம்.

பேதி சிகிச்சையையே எடுத்துக்கொள்வோம். காலையில் வெறும் வயிற்றில் மருந்து நெய் குடிக்க வேண்டும். நாளுக்கு நாள் அளவு கூடும்; 3 முதல் 7 நாள் வரை போகும். பிறகு எண்ணெய் தேய்த்து வியர்க்க வைப்பார்கள். உடம்பெங்கும் ஒட்டிய தோஷம் நெய்யில் இளகி, சூட்டில் உருகி, குடலுக்கு வந்து சேரும் என்பது சாஸ்திரக் கணக்கு. அதற்குப் பிறகுதான் பேதி மருந்து. எத்தனை தடவை போகிறது என்று எண்ணுவார்கள்: 30 என்றால் முழுச் சுத்தம், 20 நடுத்தரம், 10 குறைவு. அதற்கேற்ப 7, 5 அல்லது 3 நாள் பத்தியம்; முதலில் கஞ்சித் தண்ணீர், அடுத்து குழைந்த கஞ்சி, பிறகு பயற்றுச் சாறு. நெய்க்கு 5, வியர்வைக்கு 3, பேதிக்கு 1, பத்தியத்துக்கு 7 என்று வைத்தாலே 16 நாள் ஆகிவிடும். என் கருத்தில் இந்தச் சிகிச்சையின் சாரமே அந்த 16 நாள்தான். நடுவிலுள்ள ஒரு நாளை மட்டும் வெட்டி எடுத்தால் மிஞ்சுவது வெறும் வயிற்றுப்போக்கு.

'எந்த நச்சு வெளியேறுகிறது, பெயரைச் சொல்லுங்கள்' என்று டாக்டர்கள் கேட்பது நியாயமே. கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலையை அன்றாடம் செய்கின்றன. ஆயுர்வேதம் சொல்லும் 'ஆமம்' என்ற செரிக்காத கழிவு ரத்தப் பரிசோதனையில் அளக்கும் பொருளல்ல. மறுநாள் எடை குறைந்தால் அது பெரும்பாலும் போன தண்ணீர். ஆய்விலும் சிக்கல் உண்டு: தனக்குப் பேதி ஆனதா இல்லையா என்பதை நோயாளியிடம் மறைக்க முடியாது. சிகிச்சை முடித்தவர் தெளிவாக உணர்வது பொய்யல்ல. ஆனால் அத்தனை நாள் ஓய்வும் தூக்கமும், வடாபாவும் மதுவும் இல்லாத வயிறும் அதில் எவ்வளவு பங்கு வகித்தன என்று யாரும் திடமாகப் பிரித்துக் காட்டவில்லை.

'பாட்டி கொடுத்த விளக்கெண்ணெயில் என்ன ஆபத்து? சித்தர் தேரையரே நான்கு மாதத்துக்கு ஒரு பேதி சொல்லியிருக்கிறாரே' என்பது எதிர்த்தரப்பு வாதம். ஆனால் சரக சம்ஹிதையின் சித்தி ஸ்தானம் என்ற பகுதியே வாந்தி, பேதியால் வரும் 10 கேடுகளை வரிசைப்படுத்துகிறது. கர்ப்பிணிகளையும் மெலிந்தவர்களையும் விலக்குகிறது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும். பேதியோடு உப்புகளும் போய்விடும். காலமும் முக்கியம். மழைக்கு வஸ்தி, மழைக்குப் பிந்திய சரத் ருதுவுக்குப் பேதி, வசந்தத்துக்கு வாந்தி என்பது நூல்களின் விதி. மும்பையில் ஜூலையில் பேதி பாக்கேஜ் விற்பவர் தன் சாஸ்திரத்தையே படிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து எலிக்காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் பரவும் மாதம் அது. அறியாத காய்ச்சலோடு வருகிறவரின் உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவது விளையாட்டல்ல.

முறையாகச் செய்யும் இடங்கள் மும்பையில் இல்லாமலில்லை. வொர்லியில் 1941இல் தொடங்கிய போதார் ஆயுர்வேதக் கல்லூரி அரசுக் கல்லூரி. தாராவிக்குப் பக்கத்திலேயே சயானிலும் கல்லூரியோடு சேர்ந்த ஆயுர்வேத மருத்துவமனை உண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்க வேண்டியது, 'பேதிக்குப் பிறகு எத்தனை நாள் கஞ்சி?' என்பதே. 'அதெல்லாம் வேண்டாம், நாளைக்கே வேலைக்குப் போகலாம்' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். ஆனால் தாராவியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு இந்தக் கேள்வியால் பெரிய பயனில்லை. நூல்கள் பேதிக்குக் குறித்த சரத் ருதுவில்தான் தீபாவளி ஆர்டர் குவிகிறது. அந்த நேரத்தில் அவருக்கு 16 நாள் லீவு கிடைக்காது.