தேறியவர் மீண்டும் சோர்ந்தபோது

பூச்சிநாசினி அருந்தியவரின் வியர்வையும் எச்சிலும் அடங்கியதும் ஆபத்து நீங்கியது போலத் தோன்றும். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிமல் சேனாநாயக்கவும் மயக்க மருந்து நிபுணர் லக்ஷ்மன் கரலியத்தவும் அதற்குப் பிறகும் கவனித்தார்கள். தேறியதாகத் தெரிந்த 10 பேருக்கு, நஞ்சு உட்சென்ற 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தும் தோளும் தொடையும் தளர்ந்தன. மூச்சுத் தசைகளும் ஓய்ந்தன.

1987இல் இதை ‘இடைநிலை நோய்க்குறித்தொகுதி’ என ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ வழியே உலகுக்கு அறிவித்தனர். தளர்ச்சி 18 நாள்வரை நீடித்தது. அத்தனை நாளும் கருவி மூச்சுக் கொடுத்தால் தசைகள் மீளக்கூடும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. எளியது, உயிர் காப்பது.

அவர்கள் அந்த இதழில் எழுதிய கட்டுரையில் இடம்பெற்ற பூச்சிநாசினிகளான மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் ஆகியவை இலங்கையில் 1995இல் தடைசெய்யப்பட்டன.