ஆண்டு விழா ஸ்பீக்கரும் பிள்ளைகளின் காதும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

பள்ளிகளில் ஆண்டு விழா என்றாலே மேடையின் இருபுறமும் ஆளுயர ஸ்பீக்கர்கள் வந்து நிற்கின்றன. பெற்றோருக்கு எழும் சில சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

இரண்டு மணி நேர நிகழ்ச்சிதானே, அதற்குள் காது கெட்டுவிடுமா?

கெடலாம். சத்தம் எவ்வளவு, எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெரியவர்கள் வேலை செய்யும் இடத்தில் 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்கிறது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ். அதற்குமேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். இது பெரியவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவாக இருப்பதே நல்லது.

அளக்கக் கருவி இல்லையே?

கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அளவு மீறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரவு காதில் 'கொய்ங்' என்றது, காலையில் சரியாகிவிட்டது. பிறகென்ன பயம்?

சரியாகிவிட்டதாகத் தோன்றுவதுதான் சிக்கல். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. 2009இல் ஷரோன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளிடம் செய்த ஆய்வில், கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் செவி நரம்பின் இணைப்புகள் பல அழிந்திருந்தன. மனிதர்களிடமும் இப்படி நேர்ந்தால், அமைதியான அறையில் நன்றாகக் கேட்கும் பிள்ளை, கூச்சல் நிறைந்த வகுப்பில் டீச்சர் சொல்வதைப் பிடிக்கத் திணறலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது?

பெரும்பாலான பள்ளிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளுக்குத்தான் முன்வரிசை, அதுவும் தரையில், ஸ்பீக்கரின் வாய்க்கு நேராக. பாசத்தோடு செய்யும் ஏற்பாடுதான்; ஆனால் மிக மோசமான இடம் அது. திறந்த மைதானத்தில் ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் சுமார் 6 டெசிபல் குறையும். தகரக் கூரை போட்ட அரங்கில் எதிரொலியால் அவ்வளவு குறையாது. அங்கே சத்தத்தையே குறைக்க வேண்டும். ஸ்பீக்கரின் முன் சில மீட்டர் இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்குங்கள். ஒத்திகை நாளிலேயே சவுண்ட் சர்வீஸ்காரரிடம் அளவைச் சொல்லிவிட்டு, மிக்சர் பக்கத்தில் ஓர் ஆசிரியரை நிறுத்துங்கள்.

காதில் பஞ்சு வைத்தால் போதாதா?

போதாது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை விரலால் உருட்டி, காது மடலை மேலே இழுத்துச் செருக வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குக் காதை முழுதாக மூடும் கவசமே ஏற்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் கூடாது. ஆனால் இவை முக்கியமாக அக்கம்பக்கத்தாரைக் காக்கும் விதிகள். அரங்கினுள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தலைமை ஆசிரியரே பொறுப்பு.

விழாவுக்குப் பிறகு காது அடைத்தாற்போல் இருந்தால்?

எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். அடைப்போ இரைச்சலோ ஒரு நாளைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றே போய்விடுங்கள். சிகிச்சை தள்ளிப்போகப் போகப் பலன் குறையும்.