அக்டோபர் 21: காவலர் பெயர்களை வாசிக்கும் நாள்

பொம்மனஹள்ளியில் ஓசூர் சாலையைக் கடக்க நிற்பவர் கண்ணில் முதலில் படும் போலீஸ், புகைக்கும் ஹாரன் சத்தத்துக்கும் நடுவே கைகாட்டி நிற்கும் டிராஃபிக் காவலர். அவருடைய துறை ஆண்டுக்கு ஒரு நாள், பணியில் உயிரிழந்த தன் ஆட்களின் பெயர்களை வரிசையாக வாசிக்கிறது. பெங்களூரில் இது நடப்பது மைசூர் சாலையில், நகர ஆயுதப்படை வளாகத்துக் காவலர் நினைவுப் பூங்காவில். நாள், அக்டோபர் 21.

ஏன் அந்தத் தேதி? 1959-இல் லடாக்கின் சீன எல்லையில் காவல் நின்றது போலீஸ். 15,000 அடிக்கு மேல் இருந்த ஹாட் ஸ்பிரிங்ஸ் முகாமிலிருந்து அக்டோபர் 20 அன்று வேவு பார்க்கப் போன மூன்று குழுக்களில் இரண்டுதான் திரும்பின. இரண்டு காவலர்களும் ஒரு சுமைதூக்கியும் வரவில்லை. மறுநாள் கரம் சிங் என்ற அதிகாரி ஏறத்தாழ 20 பேருடன் அவர்களைத் தேடிக் கிளம்பினார். மேட்டில் இருந்த சீனப் படையினர் சுட்டதில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 10 பேர் மாண்டார்கள். அவர்கள் போரிடப் போகவில்லை. காணாமல் போன மூன்று பேரைத் தேடிப் போனவர்கள். உடல்கள் கைக்கு வரவே நவம்பர் 13 ஆகிவிட்டது. 1960 ஜனவரியில் கூடிய காவல்துறைத் தலைவர்கள் மாநாடு, இந்த நாளை நாடு முழுவதும் அனுசரிக்க முடிவு செய்தது.

அன்று வாசிக்கும் பட்டியல், முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் இந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்களுடையது. துப்பாக்கிகளைக் கவிழ்த்துப் பிடித்து, பியூகிள் ஊதி, வானை நோக்கிச் சுட்டு அஞ்சலி செய்கிறார்கள்.

2015 அக்டோபர் 16 அன்று பெங்களூருக்கு அருகே நெலமங்களாவில் பைக் திருடர்களைத் துரத்திய தொட்டபள்ளாபுரம் எஸ்.ஐ. ஜகதீஷ் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். ஐந்தே நாளில் நினைவு நாள் வந்தது. ஆனால் கணக்குப்படி அவர் மறு ஆண்டுப் பட்டியலுக்கு உரியவர். 2014 ஜனவரியில் கலபுரகியில் ரவுடி சுட்டுக் காயமடைந்த எஸ்.ஐ. மல்லிகார்ஜுன் பண்டே ஒரு வாரம் போராடி இறந்தார். இன்னும் பின்னால் போனால், 1992 ஆகஸ்ட் 14 அன்று வீரப்பன் கும்பல் பதுங்கியிருந்து தாக்கியதில் மைசூரு எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவும் எஸ்.ஐ. ஷகீல் அகமதுவும் பலியானார்கள். அடுத்த ஏப்ரலில் பாலாறு கண்ணிவெடி 22 பேரைக் கொன்றது. அவர்களில் போலீஸாரோடு வனக் காவலர்களும் துப்புச் சொன்னவர்களும் உண்டு. ஓசூர் சாலை வழியே கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் போய்வரும் நம்மவர்களுக்கு இது அந்நியக் கதை அல்ல.

டெல்லி சாணக்கியபுரியில் 2018-இல் திறந்த தேசிய காவலர் நினைவுச் சின்னத்தில் 34,000-க்கும் மேற்பட்ட பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் கல்லில் பெயர் ஏறியதும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்துவிடாது. அதனால் ஏப்ரல் 2-ஐயும் நான் இதே தட்டில் வைப்பேன். கர்நாடகக் காவல் சட்டம் 1965-இல் நடைமுறைக்கு வந்த தேதி அது. ஆண்டுதோறும் அந்தத் தேதிதான் போலீஸ் கொடி நாள். பொம்மனஹள்ளிக்குச் சில கிலோமீட்டரில் உள்ள கோரமங்களா ரிசர்வ் போலீஸ் மைதானத்தில் அணிவகுப்பு நடக்கும். கொடி விற்றுத் திரட்டும் பணம் காவலர் நலநிதிக்குப் போகிறது. பணியில் உள்ளவர்களின் மருத்துவச் செலவுக்கு ‘ஆரோக்ய பாக்யா’ திட்டம் தனியாக உண்டு. அடுத்த முறை கொடி வாங்கும்போது, அந்த நிதி எந்தக் குடும்பங்களுக்கு எப்படிப் போகிறது என்றும் நம் ஸ்டேஷனில் கேட்போம்.