கடைசிப் பக்கத்திலிருந்து திறவுங்கள்

பழைய புத்தகக் கடையில் மாவட்டக் கெசட்டியர் ஒன்று கையில் சிக்கினால், விலை கேட்பதற்கு முன் பின்னட்டைப் பக்கம் திறந்து பாருங்கள். மடித்து வைத்த வரைபடம் இருக்கிறதா? பல பிரதிகளில் இருக்காது. யாராவது கிழித்தெடுத்துச் சட்டம் போட்டிருப்பார்கள். படம் போன பிரதி படிக்க உதவும். சேகரிப்புக்கு உதவாது என்பது என் கட்சி.

சென்னை மாகாணத்தில் வரிவசூல் அதிகாரிகளின் வசதிக்காக எழுதப்பட்டவை இந்த நூல்கள். முதலில் இவை 'மானுவல்' என்ற பெயரில் வந்தன. ஜே. எச். நெல்சனின் மதுரை 'மானுவல்' 1868இல் வந்தது. மலபாருக்கு லோகன், கோயம்புத்தூருக்கு நிக்கல்சன், இரண்டும் 1887. தஞ்சாவூரை எழுதியவர் வெங்கசாமி ராவ், நம்மவர். 1900க்குப் பிறகு கெசட்டியர் வரிசை தொடங்கியது. ஏரி, மழை, பஞ்சம், சந்தை, கோயில் என்று எல்லாம் உள்ளே கிடக்கும். கூடவே துரைமாரின் அலட்சியமும்.

வரைபடத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? பிரான்சிஸ் எழுதிய 1906 மதுரை கெசட்டியரை எடுத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல். அதனால் அந்த மதுரையின் எல்லை கடல்வரை நீளும். பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914இல்; அதனால் அந்தப் படத்தில் ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும்.

படம் இருந்தாலும் கையிலிருப்பது மறுபதிப்பாக இருக்கலாம். விற்பவர்கள் ஏமாற்ற வேண்டுமென்றில்லை; தலைப்புப் பக்கத்தில் பழைய ஆண்டு அப்படியே இருப்பதால் நாமே ஏமாறுவோம். விரலால் தடவிப் பாருங்கள். ஈய எழுத்தை அழுத்தி அச்சிட்ட தாளின் பின்புறம் லேசாகப் புடைத்திருக்கும். ஆப்செட்டில் வழவழவென்று இருக்கும்.

வாங்கிய பிறகு காப்பதுதான் அடுத்த வேலை. மரக்கூழில் செய்த தாள் தன்னிலுள்ள அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். கந்தல் துணியில் செய்தது தாக்குப்பிடிக்கும். ஏழு மராமரங்களைத் துளைத்த அம்பின் பெயரைப் புத்தகப் பூச்சிக்கு வைத்தவர் குறும்புக்காரர்: ராமபாணம்! சில சமயம் முதல் அட்டையிலிருந்து கடைசிவரை துளை போகும். ஈரம் அண்டாத, காற்றோட்டமான அலமாரிதான் முதல் மருந்து. கிழிசலுக்கு செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். அதன் பசை பழுப்பேறித் தாளைத் தின்னும்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியை எடைக்குப் போடுமுன், தடித்த ஆங்கிலப் புத்தகம் ஏதேனும் இருந்தால் அதன் பின்னட்டையை ஒருமுறை திறந்து பாருங்கள்.