அம்பத்தூர் தாண்டினால் ஆதிகாலம்!

உங்களுக்குத் தெரியுமா? விசா எடுத்து, விமானம் ஏறி, எகிப்தில் வெயிலில் வரிசையில் நின்று பார்க்கிறோமே பிரமிடு, அதற்கு வயது சுமார் 4,500 ஆண்டு. ஆவடி தாண்டி, திருவள்ளூர் தாண்டி, கொசஸ்தலை ஆற்றோரம் இருக்கிறது அத்திரம்பாக்கம். அங்கே கிடைத்த கல் கோடரிக்கு வயது சுமார் 15 லட்சம். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டேன்: 333 மடங்கு!

இது நான் விடுகிற கதை இல்லை. 2011-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்த முடிவு. "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று பேரம் பேசினாலும் 10 லட்சத்து 70 ஆயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை!

கல்லுக்கு எப்படி வயசு பார்த்தார்கள்? மண்ணுக்குள் புதைவதற்கு முன் அது வெட்டவெளியில் கிடந்ததல்லவா? அப்போது விண்வெளிக் கதிர்கள் அதற்குள் விட்டுப்போன தடயத்தை அளந்தார்கள். ஜாதகம் கணித்தது ஆகாயம்!

1863, மே 30. பல்லாவரத்துச் சரளை மண்ணில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார் ராபர்ட் புரூஸ் ஃபுட். வயது 28. பார்க்கிற உத்தியோகம் பாறை ஆராய்ச்சி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுதான் சாட்சி. அதற்கு முந்தின நாள்வரை அது வெறும் கல்!

அதோடு விட்டாரா மனிதர்? 121-ஆம் நாள், செப்டம்பர் 28. சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் வந்து நின்றார். 29-வது பிறந்தநாள் முடிந்து ஆறே நாள். இப்படி ஒரு பரிசு யாருக்காவது கிடைத்திருக்கிறதா? ஃபுட் சேர்த்த கல் கருவிகளை இன்றைக்கும் எழும்பூர் மியூசியம் வைத்திருக்கிறது!

இந்தக் கோடரி வகைக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் 'மெட்ராஸ் கைக்கோடரி மரபு'. ஊர் பெயர் சென்னை என்று மாறிவிட்டது. கோடரி மட்டும் இன்னும் மெட்ராஸ்காரன்தான்!

இன்னும் இருக்கிறது, கேளுங்கள். 2018-ல் 'நேச்சர்' இதழில் அடுத்த குண்டு. அதே அத்திரம்பாக்கத்தில் கோடரி போய், நுணுக்கமான சின்னக் கருவிகள் வர ஆரம்பித்தது எப்போது? சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுக்கு முன்! நம் இனத்தின் மிகப் பழைய எலும்பு மொராக்கோவில் கிடைத்தது. அதற்கே சுமார் 3 லட்சம்தான். அப்படியானால் இங்கே சம்மணமிட்டுச் செதுக்கியது யார்? மனித எலும்பு ஒன்றுகூடச் சிக்கவில்லை. கருவிகள் மட்டும் 7,000-க்கும் மேல்!

(போகிறவர்கள் ஒரு கல்லைக்கூடப் பையில் போடாதீர்கள். 15 லட்சம் வருடம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்!)

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் 'விஜயந்தா' டாங்கி உருண்டு வந்தது. ஊரே கொண்டாடியது. இந்தப் பக்கத்தில் ஆயுதத் தொழில் அதற்கு 15 லட்சம் ஆண்டு முன்பே ஆரம்பம் என்று யாரும் ரிப்பன் வெட்டவில்லை!

பூண்டியிலிருந்து காட்டுப்பாதையில் போனால் குடியம். ஒன்றில்லை, இரண்டில்லை, 16 குகைகள்! கற்கால மனிதன் ஒதுங்கிய இடம். பாறை முழுக்க உருண்டைக் கூழாங்கற்கள், முந்திரி பதித்த கேக் மாதிரி. இன்று அங்கே குடியிருப்பது ஓர் அம்மன். வழியில் கடை கிடையாது. தண்ணீர் தூக்கிக்கொண்டு நடங்கள்!

பூண்டியிலேயே கற்காலத்துக்கென்று ஒரு மியூசியம் இருக்கிறது, தெரியுமா? 1985-லிருந்து! பிக்னிக் போகிற கூட்டம் ஏரியைப் பார்த்து, மீனைத் தின்று, திரும்பிவிடுகிறது.

அந்த ஏரிக்குப் பெயர் சத்தியமூர்த்தி சாகர். மேயராக இருந்து திட்டத்துக்காகப் போராடியவர் தீரர் சத்தியமூர்த்தி. அவர் மறைந்தது 1943. அணை வேலை முடிந்தது 1944!

கற்காலத்திலிருந்து கோயிலுக்கு வருவோம். திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயில் கருவறை வாசலில் இரண்டு தூண்கள். எந்த மரம் என்று நினைக்கிறீர்கள்? எருக்கு! வேலியோரம் நிற்கிற அதே எருக்கு! குறும்பர் கோட்டையைப் பிடித்த தொண்டைமான் கொண்டுவந்து நட்டது என்கிறது தலபுராணம். நந்தி சிவனைப் பார்க்காது, முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கும். லிங்கத்தின் சந்தனக் காப்பைக் களைவது வருடத்தில் ஒரே ஒரு முறை, சித்திரைச் சதயத்தில்!

திருநின்றவூர் பூசலார் கட்டிய கோயிலுக்குச் செங்கல் எத்தனை? பூஜ்யம்! மனசுக்குள்ளேயே அஸ்திவாரம், மனசுக்குள்ளேயே கோபுரம். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ ராஜாவின் கனவில் சிவன் வந்து, "அதே நாளில் பூசலார் கோயிலில் எனக்கு வேலை இருக்கிறது, உன் குடமுழுக்கை வேறு நாளுக்கு மாற்று" என்றாராம். ராஜாவுக்கே தேதி கிடைக்கவில்லை!

பூந்தமல்லிக்காரர் திருக்கச்சி நம்பி. தோட்டத்துப் பூவை மாலையாகத் தொடுத்து, காஞ்சி வரதருக்குத் தினம் கொண்டுபோனார் என்பது ஐதிகம். ஒரு வழிக்கே சுமார் 50 கிலோமீட்டர்! நமக்கு பூந்தமல்லி சிக்னலைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

நீங்கள் தினமும் தொங்கிக்கொண்டு போகும் ஆவடி ரயில் பாதை சாதாரணப் பாதை இல்லை, சார். 1856, ஜூலை 1. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது இந்த வழியில்தான்! அப்போது சென்ட்ரல் ஸ்டேஷனே கிடையாது. அது வர இன்னும் 17 வருடம்!

அதே தடத்தில் இன்னும் கொஞ்சம் போனால் திருவாலங்காடு. 1905-ல் அங்கே வெளிப்பட்டது ராஜேந்திர சோழனின் செப்பேடு. சோழர் பரம்பரையே அதில் பதிவாகியிருக்கிறது. மொத்தம் 31 ஏடுகள்! இதே ஊருக்குக் காரைக்கால் அம்மையார் வந்தது தலையால் நடந்து என்பது ஐதிகம்!

புள்ளலூர் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமம். 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே எதிரியோடு மோதினான். 1780, செப்டம்பர் 10: அதே ஊரில் திப்பு, கும்பினிப் படையை நொறுக்கினார். 1,100 வருடத்துக்கு மேல் இடைவெளி, ஒரே களம்!

    

கோடரியின் 15 லட்சம் வயதுக்கே வாயைப் பிளந்தீர்களா? பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வாருங்கள். 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர். அந்த வட்டாரத்து மண்ணடுக்குகளில் இலைகள் கல்லாக உறைந்து கிடக்கின்றன. கூடவே கடல்வாழ் உயிர்களின் படிமங்கள்! வயது 10 கோடி ஆண்டுக்கும் மேல். இன்று கார் தயாரிக்கிற ஊரில் அன்று அலை அடித்தது!