நாள் முழுவதும் நிற்கும் வேலை

காலை ஒன்பதரை மணி. ஊரின் பெரிய ஜவுளிக் கடை திறக்கிறது. சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். ஆளுக்கு ஓர் இடம். வாடிக்கையாளர் வந்தால் சேலையை எடுத்து விரித்துக் காட்ட வேண்டும். அவர் போன பிறகு மடித்து அடுக்க வேண்டும். யாரும் வராத நேரத்தில்? அப்போதும் நிற்க வேண்டும். சுவரில் சாயவும் கூடாது.

கடையில் நாற்காலிகள் இல்லாமல் இல்லை. அவை சேலை வாங்க வருபவர்களுக்கு.

கடை அடைக்கும்போது இரவாகிவிடும். அதன் பிறகு பேருந்து. அதிலும் நின்றுகொண்டுதான் வீடு போக வேண்டியிருக்கும்.

மூட்டை தூக்குவது கடினமான வேலை. கல் உடைப்பது கடினமான வேலை. இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் மின்விசிறிக்கு அடியில், நல்ல சேலை உடுத்தி நிற்பதைக் கடினமான வேலை என்று பலர் நினைப்பதில்லை. நிற்பவரின் கால்களுக்கு அது தெரியும்.

நின்றால் என்ன ஆகும்?

இதயம் ரத்தத்தைக் காலுக்கு அனுப்புகிறது. அந்த ரத்தம் மீண்டும் மேலே ஏறி வர வேண்டும். கீழே இறங்குவது சுலபம். மேலே ஏறுவது கடினம். நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகித் தளர்கிறது. அது கைபம்பு போல ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் அந்தப் பம்பு சரியாக வேலை செய்யாது. ரத்தம் காலிலேயே தேங்குகிறது. மாலையில் கால் வீங்குகிறது. செருப்பு இறுக்குகிறது.

இப்படியே பல ஆண்டுகள் போனால் காலில் உள்ள ரத்தக் குழாய்கள் புடைத்து, நீல நிறத்தில் நெளிந்து தெரியலாம். "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அது நரம்பு அல்ல, ரத்தக் குழாய்தான். இடுப்பு வலி, முழங்கால் வலி, குதிகால் வலி எல்லாம் கூடவே வரும். கர்ப்பிணிகளுக்குத் துன்பம் இன்னும் அதிகம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பல கடைகளில் வேலை செய்பவர்களுக்குக் கழிப்பறை இருப்பதில்லை. இருந்தாலும் அடிக்கடி போக விடுவதில்லை. அதனால் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீரை அடக்குகிறார்கள். நீர்க்கடுப்பு வருகிறது.

மிட்டாய்த் தெருவில் தொடங்கியது

கேரளத்தில் கோழிக்கோடு நகரில் மிட்டாய்த் தெரு என்ற பெரிய கடைத்தெரு இருக்கிறது. அங்கே விஜி என்ற பெண் தையல் வேலை செய்து வந்தார். கடைத்தெருவில் வேலை பார்த்த பெண்களின் குறைகளை அவர் கேட்டார். அவர்களைச் சேர்த்து 2009இல் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை.

பிறகு உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். "சற்று உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துத் திட்டுகிறார்கள், சம்பளத்தைப் பிடிக்கிறார்கள்" என்று பெண்கள் சொன்னார்கள். 2014ஆம் ஆண்டின் இறுதியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக் கடையின் விற்பனைப் பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் வெகு சிலர்தான். ஆனாலும் 100 நாட்களுக்கு மேல் அசையவில்லை.

2018 அக்டோபரில் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்பது சட்டமானது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில், தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் இதே போன்ற திருத்தத்தை நிறைவேற்றியது.

வேடிக்கை என்னவென்றால், தொழிற்சாலைகளுக்கு இந்த விதி 1948ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நின்று வேலை செய்பவர் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் இருக்கை வசதி உண்டு. கேரளத்துக் கடைப் பெண்களுக்கு மட்டும் அந்த நாற்காலி வந்துசேர 70 ஆண்டுகள் ஆயின.

முதலாளி என்ன செய்ய வேண்டும்?

வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தகுந்த இருக்கை போட வேண்டும். முப்பது பேர் நிற்கும் கடையில், மூலையில் ஒரே ஒரு முக்காலியைப் போட்டுக் கணக்குக் காட்டினால் அது போதாது. இருக்கை வேலை செய்யும் இடத்தின் அருகிலேயே இருக்க வேண்டும். மாடியில் இருக்கும் நாற்காலியால் கீழே நிற்பவருக்கு என்ன பயன்?

வாடிக்கையாளர் இருக்கும்போதும் உட்கார்ந்தே இருக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரலாம் என்கிறது. "உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு" என்று சில முதலாளிகள் சொல்கிறார்கள். வங்கியில் பணம் வாங்குபவர் உட்கார்ந்துதான் வாங்குகிறார். டாக்டர் உட்கார்ந்துதான் பார்க்கிறார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அடுத்தது ஓய்வு. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கடைகள் சட்டப்படி ஒரு நாள் வேலை 8 மணி நேரம். வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவில் 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். இதற்கு மேல் செய்யும் வேலை கூடுதல் நேரம். அதற்குத் தனிக் கூலி உண்டு.

யார் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார் என்பதை எழுதி வைப்பதும் முதலாளியின் கடமை. இதற்குப் பதிவேடு உண்டு. தொழிலாளர் துறையின் ஆய்வாளர் கடைக்கு வந்து அதைக் கேட்டுப் பார்க்கலாம். சில கடைகளில் இரவு 9 மணி வரை வேலை நடக்கும். பதிவேட்டில் 6 மணி என்று இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிடுவார். படிக்கத் தெரிந்தவர் கையெழுத்துப் போடும் முன் அந்த நேரத்தைப் பார்க்கலாம். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். தான் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு சிறு நோட்டில் தினமும் குறித்து வைக்கலாம். ஆய்வாளர் விசாரிக்கும்போது அந்த நோட்டு உதவும்.

தனியாகக் கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும். அது நியாயமான பயம்தான். கோழிக்கோட்டுப் பெண்கள் அதனால்தான் சேர்ந்து கேட்டார்கள். மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு வெள்ளைத்தாளில் மனு எழுதினால் போதும். கடையின் பெயர், முகவரி, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை இருக்கைகள் உள்ளன, கடை எப்போது திறந்து எப்போது அடைக்கிறது என்பதை எழுத வேண்டும். பலர் சேர்ந்து கையெழுத்துப் போடுவது நல்லது. மனுவை இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியும் அலுவலக முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.